பலகையிலிருந்து தொடங்கும் படம்: தஞ்சாவூர்ப் பலகைப் படங்களை மதிப்பிடும் முறை குறித்து

முன்னுரை

தஞ்சாவூர் ஓவியங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தால் அவற்றிடையே ஒரு பொதுப்போக்கு நிலவுவதைக் காணலாம். மராட்டியர் காலப் பின்னணி, படத்தில் இடம்பெறும் தெய்வ வடிவங்கள், தங்க ரேக்கு, பதிக்கப்பெறும் கற்கள் ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. படம் எதன்மீது எழுதப்பட்டது என்ற செய்தி பெரும்பாலும் ஒரு தொடரில் முடிந்துவிடுகிறது. பலகை என்பது படத்தைத் தாங்கும் பொருள் மட்டுமே என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம்மவர் பழமொழி. உடல்நலத்தையும் கல்வியையும் வலியுறுத்த நாம் இதனை வகுப்பறையில் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். ஆயினும் சித்திரத்தைப் பற்றியே பேசுமிடத்தில் சுவரை மறந்துவிடுகிறோம். தஞ்சாவூர்ப் படத்தின் அழகும் ஆயுளும், ஒருவகையில் அதன் பொருளும், பலகையைப் பண்படுத்தும் முறையிலேயே தொடங்குகின்றன என்பதும், அம்முறையை அறியாத திறனாய்வு அரைகுறையானது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் நாம் கண்ட இரு படங்கள் இக்கருத்தை வலியுறுத்தத் துணை செய்கின்றன. இங்குள்ள பழம்படங்கள் எவ்விதப் பதிவுமின்றி மறைந்து வருவதனால் இச்சிந்தனையைத் தள்ளிப்போட இயலாது என்பதும் நம் எண்ணம்.

பெயரும் பொருளும்

இன்று 'தஞ்சாவூர் ஓவியம்' என்று வழங்கும் இக்கலைப்பொருளுக்குப் 'பலகைப் படம்' என்ற பெயரும் உண்டு. முன்னது ஊரைச் சுட்டுவது. பின்னது பொருளைச் சுட்டுவது. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676இல் தொடங்கி 1855இல் முடிவுற்றது. இரண்டாம் சரபோசி ஆண்ட காலத்தில் (1798-1832) இக்கலை பெரிதும் வளம் பெற்றது என்பதும், தஞ்சை, திருச்சிப் பகுதி ராஜுக்களும் மதுரைப் பகுதி நாயுடுக்களும் இதனை வழிவழியாகப் போற்றினர் என்பதும் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட செய்திகள். தஞ்சாவூர் ஓவியங்களுக்கு 2007-08ஆம் ஆண்டில் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டின் இயல்புக்கேற்ப ஊர்ப்பெயர் மேலும் நிலைபெற்றது. இதில் தவறேதும் இல்லை. எனினும் ஊர்ப்பெயர் நிலைபெற்ற அளவுக்குப் பொருட்பெயர் வழக்கிழந்தது என்பதை நாம் கருத்திற்கொள்ளல் வேண்டும். சொல் வழக்கிழக்கும்போது அச்சொல் காட்டிய கவனமும் குறைந்துபோகிறது.

தமிழில் ஓவியத்தை 'எழுதுதல்' என்றே கூறுவது மரபு. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சுவரோவியங்களையும், அவற்றைக் கண்டு இவர் யாவர் என வினவி அறிந்த மக்களையும் காட்டுகிறது. சுவர், துணி, பலகை என எழுதப்பெறும் தளம் மாறுந்தோறும் எழுதும் முறையும் பார்ப்பவரின் உறவும் மாறுகின்றன. சுவரோவியத்தைக் காணக் கோயிலுக்குச் செல்ல வேண்டும். பலகைப் படமோ நம் இல்லத்துக்கே வரவல்லது. குடிபெயரும்போது உடன்வரவும் வல்லது. கடல் கடந்து வாழும் தமிழர்க்கு இப்படங்கள் நெருக்கமானவையாக அமைந்தமைக்கு இது ஒரு முதன்மையான காரணம் எனலாம்.

பலகையைப் பண்படுத்தும் முறை

மரபான முறையில் பலகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது பெரும்பாலும் பலா மரம், தேக்கும் பயன்பட்டதுண்டு. அகத்தே காழ் உடையதையே மரம் என்று வகுத்தவர் தொல்காப்பியர். அக்காழையே மக்கள் வைரம் என்கின்றனர். வைரம் பாய்ந்த பலாப்பலகை கறையானை ஓரளவு எதிர்த்து நிற்கும். நன்கு உலர்த்தியபின் எளிதில் முறுக்கிக் கொள்ளாது. தஞ்சாவூர் வீணை செய்யப்படுவதும் பலா மரத்தாலேயே என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நாதத்துக்கும் படத்துக்கும் ஒரே மரத்தைத் தேர்ந்த அறிவு தற்செயலானதன்று. மரம் காலப்போக்கில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை நெடுங்காலம் கண்டறிந்தவர்களின் தேர்வு அது.

உலர்ந்த பலகை இழைப்புளியால் இழைக்கப்படுகிறது. பெரிய படமாயின் ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகள் இணைக்கப்படுகின்றன. பின்னர் அதன்மேல் பருத்தித் துணி ஒட்டப்படுகிறது. இதற்கு மரபாகப் பயன்பட்ட பசை புளியங்கொட்டைப் பசையாகும். கொட்டையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சி இப்பசையைப் பெறுவர். துணியின்மேல் சீமைச்சுண்ணாம்புப் பொடியும் பிசினும் கலந்த கலவை மெல்லிய பூச்சாகப் பல முறை பூசப்படுகிறது. ஒவ்வொரு பூச்சும் முழுமையாக உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. இறுதியில் மேற்பரப்பு தேய்த்து வழவழப்பாக்கப்படுகிறது. இதன் பின்னரே கோட்டுருவம் வரையப்படும்.

அடுத்து வருவது மக்கு வேலை. நகை, கிரீடம், மண்டபத் தூண், திரைச்சீலையின் விளிம்பு முதலியவை மக்கினால் புடைப்பாக எழுப்பப்பெற்று, கற்கள் பதிக்கப்பெற்று, அவற்றின்மீது தங்க ரேக்கு ஒட்டப்படுகிறது. வண்ணம் தீட்டுதல் இதனைத் தொடரும். தெய்வத்தின் கண்ணை எழுதுவது கடைசியில். பலகையில் தொடங்கிக் கண்ணில் முடியும் இவ்வரிசையில் பாதி உழைப்பு, பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத தளத்தில் அடங்கிவிடுகிறது.

இவ்வடுக்குகளுக்கு இடையே அமைந்த உறவை விளங்கிக்கொண்டால்தான் முறையின் நுட்பம் புலனாகும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியும், வறட்சியில் சுருங்கும். இம்மாற்றம் இழையோட்டத்தின் திசையில் மிகக் குறைவு. இழைக்குக் குறுக்கே மிகுதி. சுண்ணாம்புப் பூச்சோ விரிந்து கொடுக்கும் இயல்பற்றது. அசையும் மரத்தின்மேல் அசையாப் பூச்சை நேரே ஏற்றினால் பூச்சு வெடிக்கும். இடையில் ஒட்டப்படும் துணியே இவ்விரண்டுக்கும் நடுவராக நின்று மரத்தின் அசைவைத் தான் வாங்கிக்கொள்கிறது. பல மெல்லிய பூச்சுகள் பூசப்படுவதற்கும் இதுபோன்ற காரணம் உண்டு. ஒரே தடித்த பூச்சு மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். பின்னர் உட்பகுதி சுருங்கும்போது பிளவுபடும். ஆகவே துணியும் பூச்சின் எண்ணிக்கையும் அழகுக்காக அமைந்தவையல்ல. படம் நிலைத்திருக்க வேண்டும் என்ற நோக்கில் அமைந்தவை.

பசை குறித்த ஒரு வினா

புளியங்கொட்டைப் பசையைப் பற்றிப் பேசும்போது, தெய்வப் படமாதலின் விலங்குப் பொருளைத் தவிர்த்துத் தாவரப் பசையைப் பயன்படுத்தினர் என்று விளக்கம் தருவோர் உளர். கேட்பதற்கு இனிய விளக்கமாயினும் இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், ஓவியத் தளத்துக்குரிய 'வச்சிரலேபம்' என்னும் பசையை எருமைத் தோலைக் காய்ச்சிப் பெறும் முறையைக் கூறுகிறது. எனவே விலங்குப் பசை இந்திய ஓவிய மரபுக்கு விலக்கு என்று பொதுவிதி கூற இயலாது.

நமக்கு எளிமையான விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. புளி தமிழகத்தின் அன்றாடப் பொருள். பழத்தைக் கரைத்தபின் எஞ்சும் கொட்டை வீணாகாமல் பல்லாங்குழிக்கும் பசைக்கும் பயன்பட்டது. கைக்கெட்டும் பொருளின் குணமறிந்து அதனை உரிய இடத்தில் அமர்த்துவதே கைவினையாளரின் இயல்பு. தூய்மை பற்றிய எண்ணம் அதனோடு பின்னர் வந்து சேர்ந்திருக்கலாம். திறனாய்வாளர் ஒரு பொருளின் பயன்பாட்டுக்குச் சமயக் காரணம் கூறுமுன் அப்பொருளின் இயல்பை ஆராய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதே வேளையில் இப்பசையின் குறையையும் மறைத்தல் ஆகாது. அது உணவுப்பொருளிலிருந்து பெறப்படுவது, ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும், பூச்சிக்கும் இரையாகும். பினாங்கு போன்ற ஊரில் இக்குறை சிறியதன்று.

இரு ஒப்பீடுகள்

பலகையின் பண்பாடு பாணியையே முடிவு செய்யும் என்பதை மைசூர் ஓவியத்தோடு ஒப்பிட்டு அறியலாம். இரண்டும் விசயநகர மரபின் வழிவந்தவை எனக் கருதப்படுபவை. இரண்டிலும் தெய்வ உருவமும் தங்கமும் உண்டு. ஆயினும் மைசூர் ஓவியத்தில் பெரும்பாலும் தாளே தளமாக அமைந்து பலகையில் ஒட்டப்படுகிறது, மக்கும் மெல்லியது. அதனால் அங்கே நுண்கோடு முதன்மை பெறுகிறது. தஞ்சையில் துணியும் சுண்ணாம்பும் சேர்ந்த உறுதியான தளம் தடித்த மக்கையும் கற்களையும் தாங்குகிறது. அதனால் இங்கே புடைப்பு முதன்மை பெறுகிறது. எண்ணெய் விளக்கின் அசையும் ஒளி பக்கவாட்டில் படும்போது புடைப்பின் ஒரு பக்கம் ஒளிரும், மறுபக்கம் நிழலாகும். பூசையறையின் மங்கிய ஒளியில் தெய்வம் அசைவது போன்ற தோற்றம் பிறப்பது இதனாலேயாம். மின்விளக்கின்கீழ் நின்று, தஞ்சைப் படம் வெறும் பகட்டு என்று தீர்ப்பளிப்போர் அப்படம் எந்த ஒளிக்காக எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது ஒப்பீடு தொலைவிலிருந்து வருவது. கிழக்கத்திய கிறித்தவத் திருச்சபைகளின் வழிபாட்டுப் படங்களும் பலகைமீது எழுதப்படுபவையே. மரப்பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணியின்மேல் சுண்ணாம்பும் விலங்குப் பசையும் கலந்த பல பூச்சுகள், பின்னர்ப் பொன், அதன்பின் வண்ணம் என்ற வரிசை நம் பலகைப் படத்தின் வரிசையை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. இவ்வொற்றுமையைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என முடிவுகட்டுதல் அவசரமாகும். மரம் அசைகிறது, சுண்ணாம்பு அசைவதில்லை என்ற ஒரே சிக்கலை எதிர்கொண்ட இரு மரபினர் ஒரே விடையை அடைந்தனர் என்று கொள்ளவும் இடமுண்டு.

ருசிய நாட்டுப் படங்களில் பலகையின் பின்புறம் குறுக்குச் சட்டங்களைப் பொருத்தும் வழக்கம் உண்டு. பசையிட்டோ ஆணியறைந்தோ இறுக்காமல், வெட்டிய பள்ளத்தில் செருகி நகர இடம்விட்டு அவை அமைக்கப்படும். பலகை வளையாமலும் அதே வேளையில் விரிய இடம் பெற்றும் நிற்பதற்கு இது வழி. இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கேத்தரின் மடத்தில் 6ஆம் நூற்றாண்டுப் பலகைப் படங்கள் இன்றும் உள்ளன. பாலைவனத்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்ததில் பெரும்பங்கு வகித்தது. பலகைப் படத்தின் ஆயுளைக் கைவினையோடு காற்றும் முடிவு செய்கிறது என்பது இதனால் பெறப்படும். இவ்வுண்மை நம்மைப் பினாங்குக்கு அழைத்து வருகிறது.

ஜார்ஜ் டவுனில் இரு படங்கள்

பினாங்கில் தமிழர் வழிபாட்டின் வரலாறு நெடியது. குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டையும், தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் 1857ஆம் ஆண்டையும் சார்ந்தவை. தைப்பூசக் காலத்தில் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளிரதம் தண்ணீர்மலைக்குச் செல்லும் காட்சியை அறியாதார் இல்லை. செட்டிநாட்டு இல்லங்களில் தஞ்சாவூர்ப் படங்களும், ரவிவர்மா 1894இல் அச்சகம் நிறுவிய பின்னர்ப் பரவிய வண்ண அச்சுப் படங்களும் அருகருகே இடம்பெற்றதை நாம் அறிவோம். வணிகத்துக்காகக் கடல் கடந்த குடும்பங்கள் தத்தம் சாமி மேடைக்குரிய படங்களையும் உடன் கொண்டுவந்தமை இயல்பே.

அத்தகைய குடும்பம் ஒன்றின் கடைவீட்டில் இரு தஞ்சாவூர்ப் படங்களை ஒருங்கே காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒன்று இக்குடும்பத்தின் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்ததாகக் கூறப்படும் வெண்ணெய்க் கிருட்டிணர் படம். மற்றொன்று ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னர்க் கடையொன்றில் விலைக்கு வாங்கிய இலட்சுமி படம். இரண்டும் ஒரே சுவரில், ஒரே ஈரத்தில் தொங்கியவை.

பழைய படத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர்வெடிப்பு காணப்பட்டது. இரு பலகைகள் இணையும் இடத்தில் அது அமைந்திருந்தது. வண்ணம் புகையால் கருத்திருந்தது. எனினும் வெடிப்பின் இருபுறமும் சுண்ணாம்புத் தளம் பலகையை விட்டு அகலவில்லை. மக்கும் ரேக்கும் பெரும்பகுதி உறுதியாக இருந்தன. வெடிப்பினூடே துணியின் நூலிழை தெரிந்தது. புதிய படத்தின் நிலை வேறு. கீழ் மூலையில் ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பியிருந்தது. மக்கு பொருக்காக உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் துணியைக் காண இயலவில்லை. அட்டை ஒன்றே இருந்தது. தங்க நிறம் மட்டும் மங்காமல் பளபளத்தது.

குடும்பத்தார் மேற்கொள்ள எண்ணிய முடிவுதான் நம்மைக் கவலையுறச் செய்தது. புதிய படத்தைப் பழுதுபார்க்கக் கொடுப்பது என்றும், வெடித்துக் கருத்த பழைய படத்தைக் கடலில் விட்டுவிடுவது என்றும் அவர்கள் கருதியிருந்தனர். பொன் மின்னுவதைக் கொண்டு நலத்தையும், கோடு விழுந்ததைக் கொண்டு நலிவையும் அவர்கள் அளந்தனர். இதில் அவர்களைக் குறைகூற நியாயமில்லை. பொன்னையும் கல்லையும் மட்டுமே எடுத்துக்கூறிய நம் எழுத்துகள் அவர்களுக்கு வேறு அளவுகோலைத் தரவில்லை.

ஒட்டுப்பலகை பற்றிய தீர்ப்பு

இரு படங்களைக் கொண்டு பழையன யாவும் சிறந்தவை, புதியன யாவும் தாழ்ந்தவை என்று பொதுமுடிவு செய்தல் முறையாகாது. தப்பிப் பிழைத்த பழைய படங்களையே நாம் இன்று காண்கிறோம். மோசமாகச் செய்யப்பட்ட பழைய படங்கள் முன்னரே அழிந்திருக்கும். ஆதலின் ஒட்டுப்பலகையைத் தனியே வைத்து நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தகடுகள் ஒன்றன் இழைக்கு மற்றொன்றின் இழை குறுக்காக அமையுமாறு ஒட்டப்படுகின்றன. இதனால் ஒரு தகட்டின் விரிவை மற்றது தடுக்கிறது. பழைய படத்தில் நாம் கண்டது போன்ற நேர்வெடிப்பு நல்ல ஒட்டுப்பலகையில் எளிதில் தோன்றாது. அவ்வகையில் அது பலாப்பலகையினும் மேம்பட்டது என்றே கூறலாம். அதன் பலவீனம் மரத்தில் இல்லை. தகடுகளை இணைக்கும் பசையில் உள்ளது. உள்ளறைப் பயன்பாட்டுக்குரிய மலிவான வகையில் சேரும் பசை தொடர்ந்த ஈரத்தைத் தாங்காது. ஈரத்தைத் தாங்கும் பசையிட்ட உயர்வகைகளும் சந்தையில் உள்ளன. ஆகவே 'ஒட்டுப்பலகையா, பலாவா' என்ற வினாவைவிட 'எந்த ஊர்க் காற்றுக்கு எந்தப் பலகை' என்ற வினாவே பொருத்தமானது.

பினாங்கில் ஆண்டு முழுதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியுள்ளது. பழைய கடைவீடுகளின் செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கும் இயல்பின. அச்சுவரோடு ஒட்டி மாட்டப்படும் படத்தின் பின்புறம் ஓயாமல் ஈரம் கொள்கிறது. முன்புறமோ வண்ணத்தாலும் ரேக்காலும் மூடப்பட்டுள்ளது. ஒருபக்கம் ஈரம் கொண்டு மறுபக்கம் கொள்ளாத பலகை வளையாமல் வேறென்ன செய்யும்? படத்தின் கண்ணாடி வண்ணத்தோடு ஒட்டியிருப்பின் நீர்த்துளி படிந்து தீங்கு மிகும். அறையைப் பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்துவதும் பலகையை நாள்தோறும் விரியவும் சுருங்கவும் செய்கிறது.

தஞ்சையின் கோடை வெயிலில் உலர்த்திச் செய்த பலகை இங்கு வந்து புதிய காற்றுக்குப் பழக வேண்டியுள்ளது. பலா இம்மண்ணுக்கு அயலான மரமன்று. மலாய் மொழியினர் நங்கா என வழங்கும் அம்மரம் இங்கும் வளர்கிறது. ஜார்ஜ் டவுனின் சீனக் கோயில்களிலும் குலமன்றங்களிலும் பொன்பூசிய மரவேலைப்பாடுகளைக் காண்கிறோம். இந்த ஈரக் காற்றில் மரத்தையும் பொன்னையும் இணைத்துக் காத்த கைவினையறிவு இவ்வூரிலேயே உண்டு என்பதற்கு அவை சான்று. நம் படங்களைக் காக்க விழைவோர் அண்டை மரபினரிடம் கேட்டறிவதில் இழுக்கு ஏதுமில்லை.

எனவே புதிய படத்தின் மீது நாம் சுமத்தும் குற்றம், அது ஒட்டுப்பலகையில் செய்யப்பட்டது என்பதன்று. பலகையின் வகையைக் கருதாமையும், துணியை விடுத்தமையும், பூச்சின் எண்ணிக்கையைச் சுருக்கியமையுமே குற்றங்கள். மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. வாங்குவோர் கேளாததனால் செய்வோர் கைவிட்டவை. வாங்குவோர் கேளாமைக்கு எழுதுவோர் கூறாமை ஒரு காரணம். இவ்விடத்தில் திறனாய்வுக்கும் கைவினைக்கும் உள்ள தொடர்பு தெளிவாகிறது. எவற்றை நாம் மதிப்பின் அளவுகோலாக எடுத்துக்காட்டுகிறோமோ அவையே சந்தையில் நிலைக்கின்றன. பொன்னின் தரத்தையே மீண்டும் மீண்டும் வலியுறுத்தினோம்; பொன் நிலைத்தது, தளம் தேய்ந்தது.

பின்னமும் சான்றும்

பின்னமுற்ற வடிவத்தை வழிபடுதல் ஆகாது என்பது நம் சமய வழக்கு. அத்தகைய படங்களை நீரில் விடுதல் பலரும் மேற்கொள்ளும் முறை. திருக்குடமுழுக்கையொட்டிக் கோயில்களில் நடைபெறும் திருப்பணிகளின்போதும் பழைய படங்கள் அகற்றப்படுதல் உண்டு. இவ்வழக்கைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. வழிபாட்டுக்குரியதன்று என்பதும் அழிக்கத்தக்கது என்பதும் ஒன்றல்ல என்பதையே சுட்ட விரும்புகிறோம். வழிபாட்டிலிருந்து விலகிய படம் அந்நாள் தொட்டுச் சான்றாகிறது.

அச்சான்றின் பெரும்பகுதி படத்தின் பின்புறத்தில் உள்ளது. கையால் இழுத்த வாளின் தடம் ஒழுங்கற்ற சாய்கோடுகளாகத் தெரியும். இயந்திர வாளின் தடம் சீரானது. பலகைகள் இணைந்த முறை, ஆணியின் வகை, விளிம்பில் மடிந்து கிடக்கும் துணி, சட்டம் செய்தவரின் முகவரித்தாள், உரிமையாளர் எழுதிவைத்த ஆண்டு ஆகியவை ஒரு படம் எங்கே செய்யப்பட்டு எப்போது கடல் கடந்தது என்பதை அறியத் துணைசெய்யும். செயா அப்பாசாமி 1980இல் வெளியிட்ட மராட்டியர் காலத் தஞ்சை ஓவியம் பற்றிய நூலும், குல்தீப் சிங் தொகுப்பைப் பற்றி 2018இல் வந்த நூலும் இக்கலையின் ஆய்வுக்குப் பெரும்பணி ஆற்றியுள்ளன. எனினும் அவை அருங்காட்சியகங்களையும் பெருந்தொகுப்புகளையும் சார்ந்தவை. மலேசிய இல்லங்களின் சாமி மேடையில் உள்ள படங்களை யாரேனும் பட்டியலிட வேண்டுமாயின் அப்பணி நம்முடையதே.

இதற்குப் பெரும்பொருட்செலவு தேவையில்லை. படத்தின் முன்புறம், பின்புறம், விளிம்பு ஆகிய மூன்றையும் நிழற்படமெடுத்து, நீள அகலங்களை அளந்து, குடும்பத்தார் கூறும் செய்தியைப் பதிந்துவைத்தல் ஓர் ஆசிரியரும் நான்கு மாணவரும் ஒரு விடுமுறையில் செய்யத்தக்க பணி. அதனோடு சொற்பதிவும் நிகழ வேண்டும். மக்கு, ரேக்கு, இழைப்பு, வைரம் போன்ற சொற்கள் கலைச்சொல்லாக்கக் குழு கூடி உருவாக்கியவை அல்ல, தொழிலில் பிறந்தவை. இவற்றை அறியாமல் அயல்மொழிச் சொற்களை மொழிபெயர்த்து நம் கட்டுரைகளில் அடுக்கும்போது இருக்கும் சொல்லை இழந்து இல்லாத சொல்லைத் தேடுகிறோம்.

பள்ளிகளில் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி என்ற பெயரில் அச்சிட்ட அட்டைமீது பொன்னிறத் தாளை ஒட்டச் செய்யும் முறையும் சிந்தனைக்குரியது. மாணவர்க்கு அது மகிழ்ச்சி தருவதை மறுப்பதற்கில்லை. அதற்கு முன்னர் ஒரு சிறு மரத்துண்டில் துணியொட்டி, இரு பூச்சுப் பூசி, உலர விட்டு, மறுநாள் தேய்த்துப் பார்க்கச் செய்தால் அவர்கள் கற்பது மிகுதியாகும். காத்திருத்தலும் இக்கலையின் ஒரு கூறு என்பதை ஒட்டுத்தாள் உணர்த்தாது.

முடிவுரை

சங்கப் பலகை பற்றிய கதையில் பலகையே தகுதியுடையாரைத் தேர்ந்தது. தஞ்சாவூர்ப் படத்திலும் பலகையே காலப்போக்கில் தகுதியை வெளிப்படுத்துகிறது. மக்கு உதிராமை, ரேக்கு உரியாமை, வண்ணம் வெடியாமை ஆகிய மூன்றும் பலகையைப் பண்படுத்திய கையின் பெருமை. ஆதலின் இப்படங்களை மதிப்பிடும்போது தெய்வ வடிவத்துக்கும் பொன்னுக்கும் உரிய இடத்தைத் தந்து, தளத்துக்கு உரிய முதலிடத்தையும் தருதல் வேண்டும். பலகை எது, துணி உண்டா, பூச்சு எவ்வாறு அமைந்தது, எந்தக் காற்றில் தொங்கியது என்ற வினாக்கள் திறனாய்வின் தொடக்க வினாக்களாக அமைதல் நலம்.

முன்னர்க் குறிப்பிட்ட குடும்பத்தாரிடம் பழைய படத்தின் பின்புறத்தைக் காட்டி நாம் அறிந்தவற்றைக் கூறினோம். இரண்டாகத் தெரிந்த பலகை இணைப்பையும், வெடிப்பினூடே நின்ற நூலிழையையும் குடும்பத்தின் மூத்த அம்மையார் விரலால் தொட்டுப் பார்த்தார். படத்தைச் சாமி மேடையிலிருந்து இறக்கிக் கூடத்தின் உட்சுவரில், சுவருக்கும் பலகைக்கும் இடையே சிறு மரக்கட்டைகள் வைத்துக் காற்றோட்டம் விட்டு மாட்ட அவர்கள் இசைந்தனர். கடலுக்குச் செல்லவிருந்த ஒரு பலகை இப்போதைக்கு வீட்டில் இருக்கிறது. இத்தகைய பலகைகள் ஜார்ஜ் டவுனில் இன்னும் எத்தனை உள்ளன என்பதைக் கணக்கெடுத்தல் நம் துறையினர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் உரிய உடனடிப் பணியாகும்.